கள்ளிக்காட்டு கேமைத் தொடராக்கணும்: நீலி கதையை எங்கிருந்து தொடங்க?

தக்கலைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அனிமேஷனுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே படம் படமா வரையுறவன். ஊர் தக்கலை, வேலை கொச்சியில். நாகர்கோவில் பக்கம் உள்ள என் சேக்காளிகள் மூணு பேர் ரெண்டு வருஷமா ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு கேம் செஞ்சாங்க. இப்ப ஓரளவு முடிஞ்சிருக்கு. ஒரு வணிகன், ஒரு கள்ளிக்காடு, இடுப்பில் மந்திரிச்ச கத்தி. கத்தி கையில் இருக்குற வரைக்கும் நீலி கிட்ட வரமாட்டா. ஆனா கத்தியை உருவினா விளக்கு அணைஞ்சிரும். விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும். அவ்வளவுதான் கேம். ஹெட்போன் மாட்டி விளையாடினா நெஞ்சு அடிச்சுக்கும்.

இதை ஆறு எபிசோடு அனிமேஷன் தொடரா எழுதி போர்டு போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்காங்க. பெரியவங்களுக்கான, இருட்டான தொடர். இங்கதான் மாட்டிக்கிட்டேன். கேமில் நாம வணிகனா விளையாடுறோம், நீலி நம்மைத் துரத்துற பேய். நம்ம மாவட்டத்தில் கோயில் கொடைத் திருவிழா பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும், அந்த வணிகன் போன பிறவியில் அவளைக் கொன்னவன்னு. கேம் அதைச் சொல்லவே இல்லை.

இதுக்காகக் காசில்வேனியா அனிமேஷன் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். (பார்க்காதவங்க இந்த இழையைப் பிறகு படிங்க, எல்லாக் கதையும் வெளிய வரும்.) நெட்ஃபிளிக்ஸில் 2017 ஜூலையில் வந்தது. முதல் சீசன் வெறும் நாலு எபிசோடு. 2021இல் நாலாவது சீசனோட முடிஞ்சப்ப மொத்தம் 32. அடிப்படை கொனாமி கம்பெனி 1989இல் விட்ட மூணாவது காசில்வேனியா கேம். அந்த கேமில் டிரெவர் பெல்மான்ட் சாட்டையோட வருவான், படி ஏறுவான், எலும்புக்கூட்டை அடிப்பான், கடைசியில் டிராகுலா. டிராகுலா ஏன் ஊரை அழிக்கிறான்னு நாம கேட்டதே இல்லை. அவன் டிராகுலா, அது போதும்.

தொடர் எங்க தொடங்குது பாருங்க. வருஷம் 1455. கழுமரத்தில் எலும்புக்கூடுகள் தொங்குற பாதையில் ஒரு பொண்ணு தனியா நடந்து வந்து கோட்டைக் கதவைத் தட்டுறா. பேரு லிசா. அவளுக்கு மருத்துவம் படிக்கணும், அதுக்காக டிராகுலாவையே தேடி வந்திருக்கா. அடுத்த காட்சி 1475. அவ வீட்டில் இருந்த மருந்துக் குப்பிகளைப் பார்த்துச் சூனியக்காரின்னு பட்டம் கட்டி, பிஷப் முன்னிலையில் கட்டையில் கட்டி எரிக்கிறாங்க. எரியும்போதும் அவ புருஷனைக் கூப்பிட்டு, இவங்களை ஒண்ணும் செஞ்சிராதேன்னுதான் கதறுறா. டிராகுலா ஊருக்கு ஒரு வருஷம் கெடு கொடுக்கிறான். அந்த எபிசோடு முழுக்க நாயகனையே காணோம். கடைசியில்தான் டிரெவர் ஒரு கள்ளுக்கடையில் தலை காட்டுறான்.

கேம் நாயகனோட தொடங்குது, தொடர் அநியாயத்தோட தொடங்குது. நானும் அப்படியே செய்யணும்னு தோணுது. முதல் எபிசோடு முழுக்க நீலியோட முற்பிறவி, வணிகன் ரெண்டாவது எபிசோடில்தான் வரணும். ஆனா சேக்காளிகளுக்கு இது பிடிக்கலை. நம்ம கேமோட பயமே தெரியாமல் இருக்கிறதுதானேன்னு கேக்கிறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

வடசேரி சேவல் எழுதியது:

தம்பி, நான் அந்த மூணாவது கேமை விளையாடின தலைமுறை. தொண்ணூறுகளில் வடசேரியில் ஒரு வீட்டு முன்னறையில் டிவி கேம் போட்டு வச்சிருப்பாங்க, மணிக்கணக்குக்குக் காசு. பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்கதான். கேசட்டில் பேர்கூட ஒழுங்கா எழுதியிருக்காது.

நீ சொன்னது சரி, ஆனா ஒண்ணைச் சேர்த்துக்கோ. லிசா தொடருக்காகப் புதுசா உருவான ஆள் இல்லை. 1997இல் வந்த காசில்வேனியா கேமில் டிராகுலா மகன் அலுகார்டுக்கு ஒரு கெட்ட கனவு வரும், அதில் அம்மா கொலைக்களத்தில் நிப்பா. மனுஷங்களை வெறுக்காதேன்னு அவ சொன்ன கடைசி வார்த்தையை அவன் அப்பங்கிட்ட சொல்லுவான். எட்டு வருஷம் கழிச்சு வேற கேமில் ஒரு மூலையில் கிடந்த விதையை எடுத்து, 1989 கேமோட வாசலில் நட்டாங்க. அந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அதுதான். கதையை வெளியிலிருந்து கொண்டு வரலை, கேமுக்குள்ளயே தேடி எடுத்தாங்க.

சின்ன விஷயத்திலும் அப்படித்தான். பழைய கேமில் டிரெவருக்குத் துணையா வர்ற சைஃபா முதலில் கல்லா நிப்பா, ஒத்தைக்கண் அரக்கனை அடிச்சால்தான் உயிர் வரும். தொடரிலும் கிரெசிட் ஊருக்கு அடியில் அதே ஒத்தைக்கண்ணன், அதே கல்சிலை. கேமில் புனித நீர்னு ஒரு ஆயுதம் உண்டு, குப்பியை எறிஞ்சா தரையில் தீ ஓடும். ஏன் எரியுதுன்னு எங்களுக்குத் தெரியாது. தொடரில் டிரெவர் ஊர்ச்சனங்க நடுவில் முறையா பட்டம் பெற்ற ஒரு பாதிரியைத் தேடிப் பிடிச்சுக் தண்ணியை மந்திரிக்க வைக்கிறான். ரெண்டாவது சீசனில் ரத்தக்காட்டேரிங்க கதை இன்னும் கொடுமை. செத்துப்போன பிஷப்பையே எழுப்பி ஆத்துக்குள்ள நிறுத்தி ஆத்தையே புனித நீராக்குவாங்க. விளையாட்டில் வெறும் குப்பி, இங்க கதையே அதை நம்பி நிக்குது.

உங்க கேமில் அந்த மாதிரி ஒரு பொருள் இருக்கா? கத்தி இருக்கே. அதைப் பிடிச்சுக்கோ.

மலையோரத்தான் எழுதியது:

குலசேகரத்திலிருந்து எழுதுறேன். நான் உங்க சேக்காளிங்க பக்கம்.

கேமில் இருக்கும் இருட்டு வேற, தொடரில் இருக்கும் இருட்டு வேற. கேமில் பட்டனை அமுக்கினது நான். விளக்கை அணைச்சது நான். குற்றம் என் விரலில் ஒட்டியிருக்கும். தொடர் பார்க்கும்போது விரல் சும்மா கிடக்கு. அதனால தொடர் எடுக்குறவங்க அந்தக் குறையை ரத்தத்தால் நிரப்பப் பார்க்கிறாங்க. காசில்வேனியா மூணாவது சீசனை நினைச்சுப் பாருங்க. அலுகார்டு நம்பி வீட்டில் சேர்த்த ரெண்டு பேர் படுக்கையிலேயே அவனைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்க்கிறாங்க, கடைசியில் அவன் அந்த ரெண்டு உடலையும் வாசலில் கழுவேத்துறான். லிண்டன்ஃபெல்டு ஊர் நீதிபதி பிள்ளைகளைக் கொன்னு செருப்பைச் சேர்த்து வச்சவன்னு கடைசி நேரத்தில் தெரிய வருது. எனக்கு அது வலிக்கலை, மரத்துப்போச்சு.

இன்னொரு உதாரணம், 2020இல் வந்த டிராகன்ஸ் டாக்மா தொடர். கேம்காமின் நல்ல கேம் அது, 2012. தொடரில் ஏழு எபிசோடு, ஏழுக்கும் ஏழு பெரும்பாவங்களோட பேரு. தலைப்பைப் பார்த்ததுமே இன்னிக்கு யாரு என்ன பாவம் செய்வாங்கன்னு தெரிஞ்சிருது. முன்கூட்டிச் சொன்னால் கதை செத்துப்போகும்.

என் யோசனை, வணிகனோடயே அஞ்சு எபிசோடு போங்க. அவன் நல்லவன், பயந்தவன், பொண்டாட்டி புள்ளை உள்ளவன்னு நம்ப வைங்க. நீலி செய்றது அக்கிரமம்னு பார்க்குறவன் கொதிக்கணும். ஆறாவதில் முற்பிறவியைக் காட்டுங்க. அப்பதான் அவனுக்குத் தன் கை அழுக்கா இருக்கிறது தெரியும்.

மலையோரத்தான் எழுதியது:

மேல ஒரு திருத்தம். கேப்காம்னு எழுத நினைச்சது கேம்காம்னு விழுந்துட்டு.

இடத்துப் பாட்டுக்காரன் எழுதியது:

நான் கேம் விளையாடுறவன் இல்ல. என் மகன் இந்த இழையைக் காட்டினான். நான் வில்லடிக்காரன், வில்லுப்பாட்டு பாடுகவன், அகஸ்தீஸ்வரம் பக்கம். எங்க குழுவில் புலவர் வலத்தே பாடுவாரு, நான் இடத்தே. குடமும் அடிப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல நீலி கதை பாடுகோம், அதனால ரெண்டு வார்த்தை சொல்லுகேன்.

மலையோரத்துத் தம்பி சொன்னது கேட்டேன். கடைசி வரைக்கும் மறைச்சு வைக்கணும்னு. நாங்க பாடுகது எப்படின்னா, மறைக்கதுக்கு ஒண்ணுமே கிடையாது. கொடைக்கு வந்து பாயை விரிச்சு உக்காந்திருக்க கிழவி இருக்காளே, அவளுக்கு எனக்குத் தெரிஞ்சதை விடக் கூடவே கதை தெரியும். அடியை மாத்திப் பாடினா அங்கிருந்தே சத்தம் போடுவா. தெரிஞ்ச கதையைக் கேக்கத்தான் விடிய விடிய முழிச்சிருக்கா. அவ அழுகது என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாம இல்ல, தெரிஞ்சதுனால.

எங்க பக்கம் பாடுக பாடத்தில் முதல்ல வருகது தாசிப் பொண்ணு. கோயில் பிராமணன் அவகிட்ட வந்து சொத்தெல்லாம் தொலைக்கான். கையில் காசு தீர்ந்ததும் அவளுக்க அம்மை கிழவி அவனைத் துரத்தி விடுகா. மகளுக்கு மனசு கேக்கல்ல. நகையெல்லாம் போட்டபடி அவன் பின்னால நடந்து போறா. காட்டில் கள்ளி மூட்டுல, அதான் அடியில, இளைப்பாறுகாங்க. அவ அவன் மடியில் தலை வச்சு உறங்குகா. அவனுக்கு நகை மேல கண்ணு. இந்த இடம் கவனிங்க தம்பி. அவன் சட்டுன்னு எந்திரிக்கல்ல. எந்திரிச்சா அவ முழிச்சிருவா. ஒரு கையால மணலைக் கூட்டிக் கூட்டி மடி உயரத்துக்குக் குவிக்கான். பைய அவ தலையைத் தூக்கி அந்த மணல் மேல வைக்கான். தலையணை மாதிரி. அதுக்குப் பிறகுதான் கல்லை எடுக்கான். அவ சாகும்போது பக்கத்தில் ஆளு இல்ல, கள்ளி மட்டும்தான் நிக்கு. கள்ளியே நீ சாட்சின்னு சொல்லிட்டு உயிரை விடுகா.

அவதான் நீலியா மறுபடி பிறக்கா. அவன் வணிகனா பிறக்கான். அவ அதே கள்ளிக் கொம்பை ஒடிச்சுக் கைப்பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இவன் எனக்க புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போறான்னு ஊர் வேளாளர் எழுபது பேரு முன்னால நிக்கா. சாட்சி சொன்ன கள்ளிதான் பிள்ளையா வந்து அப்பான்னு கூப்பிடுகு. முதல் பாதி பாடாம இந்த ரெண்டாம் பாதியைப் பாடினா, அவ வெறும் பிள்ளை பிடிக்க பேயி. அப்படி எந்தக் கொடையிலும் பாட மாட்டோம். அப்படிப் பாடினா அவளும் வரமாட்டா.

தோவாளை மல்லி எழுதியது:

ஐயா, அந்த மணல் குவிக்கிற இடத்தைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்க ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன், ஆனா மணல் எனக்கு மறந்தே போச்சு.

நாம தினமும் பேசுற ஒரு சொல் இருக்கு, நீலிக் கண்ணீர். பொய்யா அழுதா அப்படிச் சொல்லுவோம். எழுபது பேர் முன்னால அவ அழுத அழுகையை மட்டும் ஊர் எடுத்துப் பழமொழி ஆக்கிட்டு, கள்ளி மூட்டில் நடந்த கொலையை விட்டுட்டு. கேமும் அதையேதான் செஞ்சிருக்கு. தப்பு சொல்லலை, துரத்துற கேமுக்கு அது போதும். தொடர் அப்படிச் செஞ்சா அந்தப் பழமொழிக்குப் படம் வரைஞ்ச மாதிரிதான் இருக்கும்.

ஆனா தக்கலைத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. லிசாவை அப்படியே மாதிரியா எடுக்காதீங்க. எனக்குக் காசில்வேனியா பிடிக்கும், ரெண்டாவது சீசனை மூணு தரம் பார்த்திருக்கேன். இருந்தாலும் லிசா செத்ததும் கதை அவ புருஷங்கிட்ட போயிருது. அவ கேக்காத பழியை அவன் வாங்குறான். அவ என்ன படிச்சா, எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தா, இருபது வருஷம் எப்படி வாழ்ந்தா, எல்லாம் நினைவுத் துணுக்கா வந்து போகுது. நீலி அப்படி இல்லை. அவளுக்காக யாரும் பழி வாங்கலை. அவளே திரும்பி வர்றா, அவளே பேசுறா, வழக்கு வச்சு ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுறா. நம்ம கதை அந்த வகையில் இன்னும் பெருசு. முதல் எபிசோடில் அவளைக் கொன்னுட்டு ரெண்டாவதில் வணிகன் தோள் மேல கேமராவை ஏத்தினீங்கன்னா அதை இழந்துருவீங்க.

அப்புறம் அந்த எழுபது பேர். காசில்வேனியாவில் என் நெஞ்சில் நிக்கிற காட்சி சண்டை இல்லை. லிசாவை எரிச்ச பிஷப் கோயிலுக்குள் நிக்கிறான், அரக்கன் உள்ள வர்றான். இது கடவுள் வீடு, நீ வர முடியாதுன்னு பிஷப் சொல்ல, உன் கடவுள் இங்க இல்லை, நீ செஞ்ச காரியத்தாலதான் நாங்களே வந்தோம்னு அரக்கன் அன்பாப் பேசுறான். நல்லவங்கன்னு தன்னை நம்புறவங்க செய்ற கொலைதான் அங்க இருட்டு. எழுபது பேரும் கெட்டவங்க இல்லை. அழுதுக்கிட்டு நிக்கிற ஒரு அம்மாவையும் பிள்ளையையும் நம்பினாங்க. எங்க உயிரைப் பணயம் வைக்கிறோம், கத்தியைக் கொடு, உனக்கு ஒண்ணும் வராதுன்னு வணிகங்கிட்ட வாக்குக் கொடுத்தாங்க. விடிஞ்சப்ப அவன் செத்துக் கிடந்தான், தீக்குளிச்சு வாக்கைக் காப்பாத்தினாங்க. இவ்வளவு நல்ல மனுஷங்களால ஒரு சாவு.

கொல்லங்கோட்டான் எழுதியது:

எங்க பக்கம் கத்தனார்ங்கிற மந்திரவாதிப் பாதிரி வந்து அவளை ஆணி அடிச்சு அடக்கினதாத்தான் கதை. சின்னதில் ஒத்தப் பனையைப் பார்த்தா கண்ணை மூடிக்கிட்டு ஓடுவோம். சுண்ணாம்பு கேட்டா கையால கொடுக்காதே, கத்தி நுனியில் கொடுன்னு சொல்லுவாங்க. கேமில் சுண்ணாம்பு வச்சிருக்காங்களா?

தக்கலைக்காரன் எழுதியது:

சுண்ணாம்பு இருக்கு அண்ணே. மூணாவது கட்டத்தில். கையால நீட்டினா ஆட்டம் முடிஞ்சது.

இடத்தே பாடுற ஐயாவுக்கு, உங்க பதிவை அச்செடுத்து மேசை மேல ஒட்டியிருக்கேன். நான் படிச்ச பாடத்தில் மணல் ஒரு வரியா வந்து போயிருந்துச்சு. கொலைக்கு முந்தி ஒருத்தன் காட்டுற அக்கறை அது. கல்லை விட அந்தக் கை கொடூரமா இருக்கு.

மல்லி அக்கா சொன்னது ஏன் எனக்குச் சுட்டதுன்னு சொல்லணும். போன வருஷம் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வேறொரு கேமைத் தொடராக்குற வேலை வந்தது. கேம் பேர் வேண்டாம், இடம் பேரும் வேண்டாம். அதில் வில்லி ஏன் அப்படி ஆனான்னு எட்டு நிமிஷத்துக்கு நான் போர்டு போட்டேன். மெதுவா இருக்கு, ஆள் ஓடிருவான்னு சொல்லி நாற்பது நொடியாக்கினாங்க. மிச்ச நேரம் முழுக்க சண்டை. முடிஞ்சதைப் பார்த்தப்ப அவ ஏன் கொல்றான்னு எனக்கே தெரியலை, நான் வரைஞ்சவன். அந்த எட்டு நிமிஷத் தாளை இன்னும் வச்சிருக்கேன். அதனாலதான் இந்த வேலையில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

மலையோரத்து அண்ணனுக்கு. ரத்தம் பற்றி நீங்க சொன்னதோட முழுக்க ஒத்துப்போறேன். ஆனா காசில்வேனியாவோட உச்சம் ரத்தம் இல்லை. ரெண்டாவது சீசன் ஏழாவது எபிசோடு. முதல் பாதி கோட்டைக்குள்ள பெரிய சண்டை, 1987 கேமோட பாட்டு பின்னால ஓடும், விளையாடினவங்களுக்கு மயிர் கூச்செறியும். அப்புறம் அப்பனும் மகனும் சுவரை உடைச்சு உடைச்சுச் சண்டை போட்டுப் போய் விழுறது ஒரு சின்ன அறை. மகன் சின்னப்பிள்ளையா இருந்த அறை. பொம்மைகள், சுவரில் லிசா படம். டிராகுலா ஓங்கின கை அப்படியே நிக்குது. இந்த அறைக்கு நாமதானே வண்ணம் அடிச்சோம், இந்தப் பொம்மையெல்லாம் நாமதானே செஞ்சோம்னு செத்த பொண்டாட்டிகிட்ட பேசுறான். பெத்த பிள்ளையைக் கொன்னுக்கிட்டு இருக்கேன்னு அவனுக்கு அப்பதான் உறைக்குது. மகன் கட்டில் காலை ஒடிச்சு எடுக்கிறான், அப்பன் தடுக்கலை. வாளும் சாட்டையும் செய்ய முடியாததை ஒரு கட்டில் கால் செய்யுது. முதல் எபிசோடில் லிசா கதவைத் தட்டலைன்னா இந்த அறைக்கு அர்த்தமே இல்லை.

வடசேரி சேவல் எழுதியது:

ஆர்கேன்னு ஒரு தொடர், அதுவும் இதைத்தானே செஞ்சது. அதுக்கு அடிப்படை லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், 2009இல் வந்த கேம். அதில் வர்ற தங்கச்சி ஜின்க்ஸ், அக்கா வை ரெண்டு பேரையும் விளையாடினவங்க லட்சக்கணக்கில். 2021 நவம்பரில் பாரிஸ் ஃபோர்டிஷ் ஸ்டூடியோ செஞ்ச தொடர் வந்தப்ப, பவுடர்ங்கிற அந்தப் பிள்ளைதான் ஜின்க்ஸ் ஆகப்போறான்னு அவங்களுக்கு முதல் காட்சியிலேயே தெரியும். மூணாவது எபிசோடில் அவ அக்காவைக் காப்பாத்தணும்னு குரங்கு பொம்மைக் குண்டைக் கொண்டு போவா பாருங்க, நான் டிவி முன்னால உக்காந்து போகாதே பிள்ளைன்னு சத்தமா சொல்லிட்டேன். தெரிஞ்சும் சொல்றோம். பாயில் உக்காந்த கிழவிக்கு நடக்குறது அதுதான்.

மலையோரத்தான் எழுதியது:

ஆர்கேன் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அந்த மூணாவது எபிசோடை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ஐயா சொன்னதை நாலு நாளா யோசிச்சேன். மறைக்கணும்னு இப்ப சொல்ல மாட்டேன். ஆனா விரல் விஷயத்தை விட மாட்டேன். கேமின் கடைசிக் கட்டத்தில் எழுபது பேரும் கத்தியைக் கேக்கும்போது பட்டனை நாமதான் அமுக்கணும்னு உங்க சேக்காளி ஒருத்தர் எனக்குத் தனியா எழுதியிருந்தார். அந்தப் பட்டன் தொடரில் இல்லை. அதுக்குப் பதிலா என்ன வைக்கப் போறீங்க? முன்கதை தெரிஞ்ச பார்வையாளன் வணிகன் சாகணும்னு விரும்புவான். அது ரொம்பச் சுலபம். அவனுக்குப் போன பிறவி நினைவே இல்லையே. தான் செய்யாததாத் தோணுற ஒண்ணுக்காகச் சாகிறான். அவன் கத்தியை நீட்டும்போது, கொடுன்னும் சொல்லத் தோணணும், கொடுக்காதேன்னும் சொல்லத் தோணணும். ரெண்டில் ஒண்ணு மட்டும் வந்தா நீங்க தோத்தீங்க.

தோவாளை மல்லி எழுதியது:

இதை நான் எழுதியிருக்கணும். சரியாச் சொன்னீங்க அண்ணே.

தக்கலைக்காரன் எழுதியது:

மூணு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். சேக்காளிகளோட உக்காந்து இந்த இழையை முழுசா வாசிச்சோம். முடிவு செஞ்சதைச் சொல்றேன்.

முற்பிறவி முதல் எபிசோடில் வரும், ஆனா தனி பாணியில். நம்ம மாவட்டத்தில் மண்டிகர் காட்டுற தோல்பாவைக்கூத்து மாதிரி. ஆட்டுத்தோலில் வெட்டின உருவம், பின்னால விளக்கு, துளை வழியா ஒளி ஒழுகணும். முகம் ஒரு பக்கமாத்தான் தெரியும், கை மட்டும் மூட்டில் அசையும். பணமும் மிச்சம், உண்மையைச் சொன்னா அது ஒரு காரணம்தான். முக்கியமான காரணம், மணல் குவிக்கிற காட்சியில் அசைய வேண்டியது ஒரே ஒரு கை. பாவையில் அது மட்டும்தான் அசையும்.

வணிகன் கதை சாதாரண அனிமேஷனா, முழு வண்ணத்தில் வரும். அஞ்சாவது எபிசோடில் அவன் சத்திரத் திண்ணையில் உக்காந்து தன் சின்னப் பிள்ளைக்கு மணலில் வீடு கட்டிக் கொடுத்ததை நினைக்கிறான். அதே கை, அதே மாதிரி கூட்டிக் கூட்டிக் குவிக்குது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பார்க்கிறவங்களுக்குத் தெரியும். அடுத்த காட்சியில் அதே கையிலிருந்து கத்தி போகும். மலையோரத்து அண்ணே, பட்டனுக்குப் பதிலா என்னால யோசிக்க முடிஞ்சது இதுதான். போதுமான்னு வரைஞ்சு பார்த்தால்தான் தெரியும்.

நீலி இடத்திலிருந்து ஒரு முழு எபிசோடு, நாலாவது. அதை எழுத மல்லி அக்கா உதவணும்னு கேட்டுக்கறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கேன்.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கள்ளி மூட்டு இடத்தில் வில்லுச் சத்தம் எப்படி இருக்கும்? உடுக்கை உண்டா?

இடத்துப் பாட்டுக்காரன் எழுதியது:

அந்த இடத்தில் உடுக்கை கிடையாது தம்பி. புலவர் வீசுகோலை மடியில் வச்சிருவாரு, வில்லு மணி சத்தம் நின்னுரும். பாட்டும் இல்ல, வசனமாத்தான் சொல்லுவாரு. குடம் மட்டும் நான் அடிப்பேன், ஒரு பிடி மணலுக்கு ஒரு அடி. அவ தலையை மணல்ல வச்சதும் குடத்தையும் நிறுத்திருவேன்.

தை பிறந்ததும் எங்க பக்கம் கொடை தொடங்கும். மைக்கு கொண்டு வாங்க, குடத்துக்குப் பக்கத்தில் வச்சு எடுத்துக்கிடலாம்.